மூன்றரை நாளில் 130 மைல்

சைதாப்பேட்டை பாலத்தை நாம் யாரும் பாலமாகப் பார்ப்பதில்லை. கிண்டிக்குப் போகிற வழியில் பஸ் ஊர்ந்து செல்கிற ஓர் இடம். அவ்வளவுதான். கீழே ஓடுவது அடையாறு என்பதே பெருமழைக்குத்தான் ஞாபகம் வரும்.

இப்போதிருக்கும் மறைமலையடிகள் பாலம் 1960களில் வந்தது. அதற்கு முன்னால் அங்கே நின்றது, கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வியாபாரி 1726-ல் சொந்தக் காசில் கட்டிக்கொடுத்த பாலம். மார்மலாங் பாலம் என்று வெள்ளைக்காரர்கள் சொன்னார்கள். நம்ம மாம்பலம்தான் அவர்கள் வாயில் நுழைந்து அப்படி வெளியே வந்தது. பரங்கிமலை மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் ஆற்றில் இறங்கிக் கஷ்டப்படக் கூடாது என்று உஸ்கான் நினைத்தார். பக்தியில் கட்டிய பாலம்.

ஆனால் மலைக்கும் ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவே இருந்தது இந்த ஆறு. ஆகவே ராணுவக்காரர்கள் அதை வேறு கண்ணால் பார்த்தார்கள். மேற்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ சென்னைக்கு ஆபத்து வந்தால், அது பெரும்பாலும் பரங்கிமலைப் பக்கமாகத்தான் வரும்.

இந்த ஒரே ஆற்றங்கரையில், 23 வருட இடைவெளியில், யுத்தம் பற்றி இரண்டு நேர் எதிர்ப் பாடங்கள் நடத்தப்பட்டிருக்கின்றன. ஒன்று மரபுப் போர். இன்னொன்று, பிற்காலத்தில் உலகம் கெரில்லா என்று பெயர் வைத்த வகையறா. இரண்டுக்குமான பில்லை யார் கட்டினார்கள் என்பது மூன்றாவது பாடம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் பாடம், 1746.

அந்த வருடம் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துவிட்டார்கள். பிடித்ததும் ஆற்காடு நவாபிடம் கொடுத்துவிடுவதாக புதுச்சேரியில் இருந்த டூப்ளே ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கவில்லை. நவாப் அன்வருதீனுக்குக் கோபம் வந்தது. மகன் மஃபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். 10,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குதிரைப் படை, பீரங்கிகள் எல்லாம் உண்டு.

புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு உதவிக்கு வந்துகொண்டிருந்தது ஒரு சின்னப் படை. தலைவர் பாரதி. நம்ம பாரதி இல்லை. லூயி பாரதி என்கிற சுவிட்சர்லாந்துக்காரர். அவரிடம் ஐரோப்பியர்கள் சில நூறு பேர், சிப்பாய்கள் 700 பேர். ஆயிரம் தேறாது. பீரங்கி ஒன்றுகூடக் கிடையாது. பழைய நாள்காட்டிப்படி அக்டோபர் 24-ம் தேதி அவர்கள் அடையாற்றின் தென்கரைக்கு வந்தபோது, வடகரையில் சாந்தோம் பக்கம் மஃபூஸ் கான் வழிமறித்து நின்றிருந்தார்.

பாரதி யோசிக்கவே இல்லை. ஆற்றில் இறங்கு என்றார். இறங்கினார்கள். கரையேறினார்கள். வரிசையாக நின்றார்கள். ஒரே நேரத்தில் சுட்டார்கள். துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு ஓடினார்கள்.

முடிந்தது கதை. பத்தாயிரம் பேர் படை சாந்தோம் தெருக்களுக்குள் ஓடி, அங்கேயும் அடி வாங்கி, ஆற்காட்டைப் பார்க்கப் போய்விட்டது.

இது என்ன மாயம்? மாயமெல்லாம் இல்லை. டிரில். அந்தக் காலத்துத் துப்பாக்கி குறி பார்த்துச் சுடுவதற்கு லாயக்கில்லை. நூறடி தாண்டினால் யார் மேல் படும் என்று சுட்டவனுக்கே தெரியாது. ஆனால் இருநூறு பேர் தோளோடு தோள் நின்று ஒரே நொடியில் சுட்டால் எதிரே ஒரு ஈயச் சுவர் கிளம்பிப் போகும். நிரப்பு, இடி, தூக்கு, சுடு என்று வருடக்கணக்கில் பழகிய கை, நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை அந்தச் சுவரைக் கிளப்பும். குதிரையில் வருகிறவன் எத்தனை பெரிய வீரனாக இருந்தாலும் சுவரில் மோதினால் என்ன ஆவான்?

மரபுப் போர் என்பதன் சாரம் இதுதான். எதிரியின் படை எங்கே இருக்கிறது என்று தேடு. அதைத் திறந்த வெளியில் பிடி. உன் வரிசை கலையாமல் பார்த்துக்கொள். அவன் வரிசையைக் கலை. அவன் படை தோற்றால் அவன் நாடு தோற்றது.

இந்தப் பாடத்தைப் பக்கத்து ஊர் வெள்ளைக்காரன் நன்றாகப் படித்தான். அடுத்த சில வருடங்களில் ஆங்கிலக் கம்பெனி, சிப்பாய்களைச் சேர்த்து டிரில் கொடுத்து ஒரு ராணுவமே உருவாக்கிவிட்டது. 1765-ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையும் கைக்கு வந்தது. துணி வாங்கி விற்க வந்த கம்பெனிக்கு, தன்னை யாரும் எதுவும் செய்ய முடியாது என்கிற எண்ணம் வந்துவிட்டது.

அப்போதுதான் மைசூரில் ஹைதர் அலி.

எழுதப் படிக்கத் தெரியாதவர். ராணுவத்தில் கீழே இருந்து மேலே வந்தவர். ஆகவே மரியாதை, கௌரவம், முகத்துக்கு நேராக நின்று சண்டை போடுவதுதான் வீரம் என்பது போன்ற விஷயங்களில் அவருக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. கணக்குதான் நம்பிக்கை. மனக்கணக்கில் புலி.

அவருக்கும் ஆரம்பத்தில் அடி விழத்தான் செய்தது. 1767-ல் ஹைதராபாத் நிஜாமோடு சேர்ந்துகொண்டு இறங்கியபோது, செங்கம் கணவாயிலும் திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித் அவர்களை மடக்கினார். கூட்டணிப் படை பல மடங்கு பெரியது. பயனில்லை. 1746-ன் அடையாறு மறுபடியும் நடந்தது. நிஜாமின் பீரங்கிகள் வரிசையாக எதிரி கைக்குப் போயின. அடுத்த வருடம் நிஜாம், எனக்கு எதற்கு வம்பு என்று தனியாகச் சமாதானம் செய்துகொண்டு விலகிவிட்டார்.

ஆனால் அதே 1767 செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. ஸ்மித் திருவண்ணாமலைப் பக்கம் பிஸியாக இருந்தபோது, ஹைதரின் பதின்ம வயதுப் பையன் ஒருவன் குதிரைப் படையோடு பரங்கிமலைப் பக்கம் வந்துவிட்டான். பெயர் திப்பு. கம்பெனி துரைமார்களின் தோட்ட வீடுகளை ஒரு சுற்றுச் சுற்றி, சூறையாடிவிட்டுப் போனான். கம்பெனித் தோட்டத்தில் இருந்த கவர்னரும் கவுன்சிலாரும் தற்செயலாக அங்கே நின்ற ஒரு படகில் ஏறித் தப்பித்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். யுத்தகளத்தில் ஜெயிப்பது கம்பெனி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதும் கம்பெனி.

ஹைதருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

கம்பெனி ராணுவம் என்பது என்ன? வெயிலில் நடக்கிற காலாட்கள். பீரங்கி இழுக்கக் காளைகள். அரிசி மூட்டை சுமக்கப் பொதி மாடுகள். அந்த மாடுகளுக்குப் புல். ஆயிரம் சிப்பாய் நகர வேண்டுமென்றால் பல ஆயிரம் ஜீவன்கள் கூடவே நகர வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் போனால் அதிகம். மாடு செத்தால் பீரங்கி நின்றது. பீரங்கி நின்றால் படை நின்றது. படை நிற்கிற ஒவ்வொரு நாளும் செலவு.

காமர்ஸ் படித்தவர்களுக்கு உடனே புரியும். மரபு ராணுவத்தின் பலம் அதன் துப்பாக்கி. பலவீனம் அதன் செலவுக் கணக்கு. துப்பாக்கி முன்னால் போய் நிற்பவன் தோற்பான். செலவுக் கணக்கின் மேல் கை வைப்பவன்?

1768-ல் கம்பெனிப் படை பாராமகால் என்கிற கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளைப் பிடித்தது. மேலே ஏறி ஓசூர், கோலார் என்று போனது. வரைபடத்தில் பார்த்தால் பிரமாதமான வெற்றி. நடைமுறையில், பிடித்த ஒவ்வொரு கோட்டையிலும் கொஞ்சம் ஆட்களை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. படை கரைந்தது. போதாததற்குச் சென்னை கவுன்சில், ஸ்மித்தை மேற்பார்வை பார்க்க 'களப் பிரதிநிதிகள்' என்று ஆள் அனுப்பியது. கூடவே நவாப் முகமது அலி. மாடு சரியாக வரவில்லை, அரிசி வரவில்லை என்று ஸ்மித் கடுதாசி எழுதிக்கொண்டே இருந்தார்.

ஹைதர் பெரிய சண்டைக்கு வரவே இல்லை. கூடவே வந்தார். பின்னால் தங்கியவனை வெட்டினார். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். தனியாக மாட்டிய சின்னப் பிரிவுகளை விழுங்கினார். இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. நூற்றைம்பது வருடம் முன்னால் அகமதுநகரில் மாலிக் அம்பர் முகலாயர்களிடம் காட்டிய வித்தை. பிறகு சிவாஜி காட்டியது. மராட்டியர்கள் இதற்கு 'கனிமி காவா' என்று பெயரே வைத்திருந்தார்கள். ஹைதர் மராட்டியர்களிடம் அடி வாங்கியே அதைக் கற்றுக்கொண்டவர்.

1768 கடைசியில் கணவாய்கள் வழியாகக் கீழே இறங்கினார். கோயமுத்தூர், கரூர், ஈரோடு. கம்பெனி மாதக்கணக்கில் பிடித்ததெல்லாம் வாரக்கணக்கில் திரும்ப வந்தது. அங்கங்கே சிதறிக்கிடந்த சின்னச் சின்னக் காவல் படைகளால் என்ன செய்ய முடியும்?

கம்பெனி சமாதானம் பேச ஆள் அனுப்பியது. ஹைதரின் பதில் சுருக்கமாக இருந்தது. சென்னை வாசலுக்கே வருகிறேன், அங்கே பேசிக்கொள்ளலாம்.

இரண்டாம் பாடம், 1769 மார்ச்.

ஹைதர் முதலில் ஸ்மித்தின் படையைத் தன் பின்னாலேயே தெற்கே இழுத்துக்கொண்டு போனார். சென்னையிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால் கொண்டுபோய் விட்டார். பிறகு தன்னுடைய பீரங்கிகள், காலாட்படை, மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் கணவாய் வழியாக ஊருக்கு அனுப்பிவிட்டார். கையில் வைத்துக்கொண்டது பொறுக்கியெடுத்த 6,000 குதிரைகள். 200 காலாட்கள். அவ்வளவுதான்.

மூன்றரை நாள். 130 மைல். மார்ச் 29-ம் தேதி பரங்கிமலையில் ஹைதர்.

ஸ்மித் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். வந்து சேர இன்னும் சில நாள் ஆகும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஹைதரால் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்திருக்க முடியுமா? முடியாது. பீரங்கியில்லாமல் கோட்டைச் சுவரைக் குதிரையா இடிக்கும்? அது ஹைதருக்கும் தெரியும். கவர்னர் சார்லஸ் பூர்ஷியேருக்கும் தெரியும்.

ஆனால் கம்பெனி என்பது கோட்டை இல்லை. கோட்டைக்கு வெளியே இருக்கிற கறுப்பர் நகரம். சிந்தாதிரிப்பேட்டையில் தறி போட்டிருக்கும் நெசவாளர்கள். சேத்துப்பட்டிலும் எழும்பூரிலும் விரிந்து கிடக்கும் தோட்ட வீடுகள். அந்த வருடம் கப்பலேற வேண்டிய துணி மூட்டைகள். இதெல்லாம் சேர்ந்ததுதான் கம்பெனி. அது பூராவும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், சுவரில்லாமல் கிடந்தது.

ஸ்மித் வந்தால் ஒருவேளை ஜெயிக்கலாம். அவர் வருவதற்குள் எவ்வளவு எரியும்? இந்தக் கேள்விக்குக் கவுன்சில் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஹைதர் போட்ட நிபந்தனைப்படி, நிற்கிற இடத்திலேயே நில் என்று ஸ்மித்துக்கு உத்தரவு போனது. ஹைதர் கேட்ட ஆள், கவுன்சிலின் ஜோசையா டு பிரே. அவர் மலைக்குப் போனார். ஏப்ரல் முதல் வாரத்தில் கையெழுத்தானது. பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுப்பது. ஒருவரை வேறு யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வருவது.

1746-ல் இதே ஆற்றைத் தாண்டியதால் ஒருவர் ஜெயித்தார். 1769-ல் கோட்டையைத் தொடாமலேயே ஒருவர் ஜெயித்தார்.

அதே வருடம் மே மாதக் கடைசியில், தெற்கே ஹைதர் கை ஓங்குகிறது என்கிற செய்தி லண்டனை எட்டியது. கம்பெனிப் பங்குகள் மளமளவென்று சரிந்தன. சமாதானமாகிவிட்ட தகவல் அப்போது இன்னும் கப்பலில் இருந்தது. லண்டனில் பங்குச் சந்தை என்று ஒன்று இருப்பது ஹைதருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அடி சரியாக அங்கேதான் விழுந்தது.

மரபு ராணுவம், எதிரியின் படை எங்கே என்று கேட்கும். கெரில்லா, எதிரியின் கல்லாப்பெட்டி எங்கே என்று கேட்பான். வித்தியாசம் இவ்வளவுதான்.

கெரில்லா என்கிற வார்த்தையே அப்போது புழக்கத்தில் இல்லை. அது ஸ்பானிஷ். சின்ன யுத்தம் என்று அர்த்தம். 1808-க்குப் பிறகு நெப்போலியனை ஸ்பெயின் கிராமத்துக்காரர்கள் படாதபாடு படுத்தியபோது பிரபலமானது. அங்கே அந்தக் கிராமத்துக்காரர்களின் தோழராக நின்ற ஆங்கிலத் தளபதி யார் தெரியுமா? வெல்லிங்டன். 1799-ல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்திய படையில் ஆர்தர் வெல்லெஸ்லி என்கிற பெயரில் இருந்தவர். அடுத்த வருடம் தூந்தியா வாக் என்கிற குதிரைக்காரனைத் துரத்திக்கொண்டு தக்காணம் பூராவும் அலைந்தவர். மாடும் அரிசியும்தான் யுத்தம் என்பதை இந்த மண்ணில் படித்துவிட்டுப் போனவர்.

சரி, ஹைதருக்கு அப்புறம் என்ன ஆச்சு?

இரண்டே வருடத்தில் மராட்டியர்கள் மைசூர் மேல் பாய்ந்தார்கள். 1771-ல் மேல்கோட்டை அருகே ஹைதருக்குப் பலத்த அடி. ஒப்பந்தப்படி கம்பெனி வர வேண்டும். வரவில்லை. குதிரை வாசலில் நிற்கும்போது வாங்கிய கையெழுத்து, குதிரை கிளம்பியதும் வெறும் மை.

கெரில்லா முறையின் பெரிய ஓட்டை இது. மிரட்டலாம், களைப்படைய வைக்கலாம், கையெழுத்து வாங்கலாம். ஆனால் வாங்கியதைத் தக்கவைத்துக்கொள்ள ஓர் இடத்தில் நிற்க வேண்டும். நின்றால் நீ கெரில்லா இல்லை. மாவோ இதைப் புரிந்துகொண்டுதான், கெரில்லா யுத்தம் ஒரு கட்டத்தில் மரபு யுத்தமாக வளர்ந்தே தீர வேண்டும் என்று எழுதினார். வியட்நாமில் ஜியாப் 1954-ல் தியன் பியன் பூவில் அந்தக் கட்டத்தைத் தாண்டிக் காட்டினார். எல்லாராலும் முடிவதில்லை. பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம், 2000-ல் ஆனையிறவைப் பிடித்து, கிளிநொச்சியில் நிர்வாகமே நடத்தியது புலிகள் இயக்கம். நிலம் கையில் இருந்ததால் நிலத்தைக் காக்க வேண்டியதாயிற்று. 2009 ஜனவரியில் கிளிநொச்சி. மே மாதம் முள்ளிவாய்க்கால். நடுவே மாட்டிக்கொண்டது, துப்பாக்கி பிடிக்காத ஜனம்.

1780-ல் ஹைதர் திரும்ப வந்தார். இந்த முறை மிரட்ட அல்ல. பழி தீர்க்க.

சென்னையைச் சுற்றி ஊர் ஊராக எரித்தார். பரங்கிமலை மேல் நின்றால் புகை தெரிந்தது. கம்பெனிப் படைக்கு ஒரு பிடி நெல், ஒரு கட்டுப் புல் கிடைக்கக் கூடாது என்பது கணக்கு. கணக்கு பலித்தது. செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கிட்டத்தட்ட நாலாயிரம் பேர் படை முற்றாக அழிந்தது. பக்ஸார் யுத்தத்தின் ஹீரோ ஹெக்டர் மன்றோ, பீரங்கிச் சத்தம் கேட்கிற தூரத்தில், காஞ்சிபுரத்தில் இருந்தார். ஒன்றும் செய்ய முடியவில்லை. மறுநாள் கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். செங்கல்பட்டு வழியாக வந்து, கடைசியில் ஒதுங்கிய இடம் மார்மலாங். நம்ம சைதாப்பேட்டை. எதிரிக்கும் தனக்கும் நடுவே அடையாறு இருக்கிறது என்கிற ஒரே ஆறுதலில்.

ஆனால் இந்த முறை ஹைதரால் காரியத்தை முடிக்க முடியவில்லை. வங்காளத்திலிருந்து அயர் கூட் வந்தார். 1781 ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் பழையபடி வரிசை கட்டி நின்று ஹைதரைத் தோற்கடித்தார். துரத்திப் போக மாடில்லை, குதிரையில்லை. ஆனால் அரிசி கடல் வழியாக வந்தது. எரிக்க எரிக்கக் கப்பல் வந்துகொண்டே இருந்தது. நிலத்தை எரிக்கலாம், கடலை வற்ற வைக்க முடியுமா என்று ஹைதர் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். 1782 டிசம்பரில் சித்தூர் அருகே இறந்துபோனார்.

கப்பலில் வந்த அரிசி யாருக்கு? முதலில் ராணுவத்துக்கு. மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு.

இங்கே மூன்றாம் பாடம். கெரில்லாவுக்கு ஜனங்கள்தான் தண்ணீர், அவன் அதில் நீந்துகிற மீன் என்பார்கள். 1769-ல் ஹைதர் அந்தத் தண்ணீரை அதிகம் கலக்கவில்லை. வேகமாக வந்தார், போனார். 1780-ல் தண்ணீரையே கொளுத்தினார். வயல் போனது, ஏரி போனது, மாடு போனது. கிராமத்துக்காரன் இரண்டு கணக்குப் புத்தகத்திலும் இல்லாதவன். ஹைதரின் வரவில் அவன் இல்லை. கம்பெனியின் செலவில் அவன் இல்லை. அவன் செங்கல்பட்டுச் சீமையை விட்டுக் கால்நடையாகச் சென்னைக்கு வந்தான். கோட்டைக்கு வெளியே பசியில் விழுந்தான்.

அந்தப் பஞ்சத்தில்தான் 1782-ல் வடசென்னையில் ஒரு மணியக்காரர் சத்திரம் உருவானது. வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம். நோயாளிகளும் வர ஆரம்பித்தார்கள். சத்திரத்தின் தொடர்ச்சியாக ஆஸ்பத்திரி வளர்ந்தது. இன்று அதற்கு ஸ்டான்லி என்று பெயர்.

பரங்கிமலையில் ஹைதர் வந்து நின்றதற்கு ஊரில் பெரிதாக அடையாளம் எதுவும் இல்லை. மஃபூஸ் கான் ஓடிய சாந்தோம் தெருக்களிலும் இல்லை. ஆனால் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பெரியவர்களிடம் ஸ்டான்லிக்கு வழி கேட்டுப் பாருங்கள். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா என்று திருப்பிக் கேட்பார்கள்.